திரும்பி வரும் ஆளை நம்பி நடக்கும் கடை: மலிவாகவும் நன்றாகவும் எங்கே, எப்போது சாப்பிடலாம்

சென்னையிலிருந்து மதுரைக்குப் போகும் இரவுப் பேருந்து வழியில் ஒரு மோட்டலில் நிற்கிறது. அங்கே இரண்டு இட்லிக்குக் கொடுக்கிற காசுக்கு, விடிந்ததும் மதுரையில் ஒரு தெருவோரக் கடையில் நான்கு இட்லியும் மூன்று வகைச் சட்னியும் கிடைத்துவிடும். அரிசி அதே அரிசிதான், உளுந்தும் அதேதான். மோட்டலில் சாம்பார் ஆறிப்போயிருக்கும், தெருக்கடையில் ஆவி பறக்கும். விலை கூடுதலான இடத்தில் சுவை குறைவாக இருப்பது தற்செயலாக நடப்பதில்லை. இரண்டு கடைகளும் பிழைப்பு நடத்தும் விதமே வேறு.

மோட்டலுக்கு வருகிறவரை அங்கே கொண்டுவந்து நிறுத்துவது பேருந்து. ஒப்பந்தப்படி எந்த இடத்தில் நிற்க வேண்டுமோ அங்கே நிற்கும், பதினைந்து இருபது நிமிடத்தில் கிளம்பிவிடும். பயணிக்கு எதிர்க்கடை கிடையாது. சாம்பார் நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாளைக்கு அவர் வரப்போவதில்லை, வேறு நாற்பது பேர் வருவார்கள். ஊருக்குள் இருக்கும் கடை தினமும் அதே முகங்களை நம்பி நடக்கிறது. இரண்டு நாள் சட்னி புளித்தால் மூன்றாம் நாள் அந்த முகங்கள் அடுத்த கடையில் உட்கார்ந்திருக்கும். விலையில் இரண்டு ரூபாய் ஏற்றுவதற்குக்கூட அந்தக் கடைக்காரர் ஆறு மாதம் யோசிப்பார்.

ஆகவே புதிய ஊரில் கேட்க வேண்டிய கேள்வி, 'இந்த ஊரில் பிரபலமான ஓட்டல் எது?' என்பதல்ல. 'இங்கே தினமும் வேலைக்கு வருகிறவர்கள் மதியம் எங்கே சாப்பிடுகிறார்கள்?' என்று கேட்க வேண்டும். நீதிமன்ற வளாகம், கலெக்டர் ஆபீஸ், காய்கறி மொத்த மார்க்கெட், அரசு மருத்துவமனை, லாரி ஷெட்டுகள், மேன்ஷன்கள் நிறைந்த தெரு: இந்த இடங்களைச் சுற்றி இருநூறு மீட்டருக்குள் தேடினால் போதும். மொத்த மார்க்கெட்டை ஒட்டிய கடைகளில் விடியும் முன்பே அடுப்பு எரியும். சென்னை திருவல்லிக்கேணியில் இத்தனை மெஸ்கள் நிலைத்திருப்பது மேன்ஷன்களில் மாதக்கணக்கில் தங்கும் ஆட்களால்தான்.

நான்குவழிச் சாலைகள் வந்தபின் இதில் ஒரு சிக்கல் சேர்ந்துவிட்டது. பைபாஸ் ஊரைச் சுற்றிப் போகிறது, பழைய கடைகள் ஊருக்குள்ளேயே தங்கிவிட்டன. சாலையோரம் கண்ணில் படுவதெல்லாம் பெரிய வாகன நிறுத்தமும் பொம்மைக் கடையும் வைத்த வளாகங்கள்தான். சொந்த வண்டியில் போகிறவர்கள் ஊருக்குள் நுழைந்து வெளியே வரக் கூடுதலாக அரைமணி நேரம் ஒதுக்கினால் நான்கு பேர் கொண்ட குடும்பத்தின் சாப்பாட்டுச் செலவு கண்கூடாகக் குறையும். ஆம்பூரில் பிரியாணி, விருதுநகரில் எண்ணெய்ப் பரோட்டா, சேலத்தில் தட்டுவடை செட் என்று அந்தந்த ஊருக்கே உரியதைச் சாப்பிடவும் முடியும்.

இட்லியின் கணக்கு

மலிவு எங்கிருந்து வருகிறது என்று தெரிய இட்லியைப் பிரித்துப் பார்க்கலாம். ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து. ஊறவைத்து ஆட்டினால் ஏறக்குறைய மூன்று கிலோ மாவு வரும், ஐம்பது ஐம்பத்தைந்து இட்லி ஊற்றலாம். அரிசி கிலோ 45 ரூபாய், உளுந்து கிலோ 130 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாவுச் செலவு 78 ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஓர் இட்லிக்கு ஏறக்குறைய ஒன்றரை ரூபாய்தான் ஆகிறது. மீதி விலை முழுக்க சட்னி, சாம்பார், கேஸ், ஆள் சம்பளம், வாடகை.

இட்லியைவிட அதோடு வருகிற சட்னிக்குத்தான் செலவு அதிகம் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. தேங்காய் விலை ஏறினால் கடைக்காரர் இட்லி விலையை ஏற்றமாட்டார், சட்னியில் பொட்டுக்கடலையைக் கூட்டுவார். சட்னியின் வெண்மை போய் லேசான பழுப்பு ஏறியிருக்கும், தட்டில் ஐந்து நிமிடம் இருந்தால் கெட்டிப்பட்டுவிடும். இது கெடுதல் அல்ல, கடைக்காரர் விலையைப் பிடித்துவைக்கும் வழி. தண்ணீரை அள்ளி ஊற்றி நீர்க்கவிட்ட சட்னியைவிட இது எவ்வளவோ மேல்.

இட்லியில் லாபம் குறைவு, ஆளை உள்ளே வரவழைப்பது அது. தோசை, வடை, காபி இவற்றில்தான் கடை காசு பார்க்கிறது. கையில் காசு குறைவாக இருக்கும்போது இட்லியோடு நிறுத்திக்கொள்வது கணக்குக்குச் சரி. நெய் ரோஸ்ட்டுக்குப் போனால் அதே மாவுக்கு மூன்று மடங்கு கொடுக்கிறோம்.

சென்னையில் 2013 பிப்ரவரியில் தொடங்கிய அம்மா உணவகங்கள் இந்தக் கணக்கை வேறு பக்கத்திலிருந்து தீர்த்தன. இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். மிச்சச் செலவை மாநகராட்சி ஏற்கிறது. பெரிய அரசு மருத்துவமனைகளின் வளாகங்களில் நோயாளிக்குத் துணையாக வந்து நாள்கணக்கில் தங்குகிறவர்களுக்கு இதைப்போல் உதவும் இடம் வேறில்லை. நேரம் மட்டும் கண்டிப்பு. தாமதமாகப் போனால் தீர்ந்திருக்கும்.

கடைக்கு ஒரு கடிகாரம் உண்டு

நல்ல கடையிலும் தவறான நேரத்தில் போனால் ஏமாற்றம்தான். காலை ஏழிலிருந்து ஒன்பது வரை இட்லி ஈடு ஈடாக இறங்கும். அந்த நேரத்தில் உங்கள் தட்டுக்கு வருவது இறக்கி ஐந்து நிமிடம் ஆன இட்லி. பத்தரைக்கு மேல் கேட்டால் ஒன்பது மணி ஈடு ஹாட்பாக்ஸில் வியர்த்துக்கொண்டிருக்கும், அடிப்பக்கம் பிசுபிசுக்கும். அப்போது தோசையோ ஊத்தப்பமோ கேட்பதுதான் நல்லது. மாவு அதற்குள் கொஞ்சம் புளிப்பேறியிருக்கும், ஊத்தப்பத்துக்கு அந்தப் புளிப்பு சேரும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பொன்னான நேரம் பன்னிரண்டரை முதல் ஒன்றரை. முதல் வடிப்புச் சோறு பன்னிரண்டு மணிக்கு முன்பே தயாராகிவிடும், பொரியலும் கூட்டும் முழுதாக இருக்கும். இரண்டரைக்கு மேல் பொரியல் தீர்ந்து அப்பளத்தால் இலையை நிரப்புவார்கள், ரசம் சுண்டி உப்பேறியிருக்கும். அளவுச் சாப்பாட்டுக்கும் முழுச் சாப்பாட்டுக்கும் விலை வித்தியாசம் இருபது முப்பது ரூபாய் இருந்தால், இரண்டாம் முறை சோறு வாங்காதவருக்கு அளவுச் சாப்பாடே போதும்.

அசைவ மெஸ்களில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு நுணுக்கம் இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் சாப்பாட்டின் அடிப்படை விலையிலேயே மீன் குழம்பு, கோழிக் குழம்பு, கறிக் குழம்பு எல்லாம் அடங்கிவிடும், துண்டுகள் மட்டும் இருக்காது. இலை போட்டதும் சப்ளையர் பெரிய தட்டில் வறுத்த மீன், சுக்கா, ஈரல், காடை என்று வரிசையாகக் கொண்டுவந்து காட்டுவார். அதில் கைவைத்தது ஒவ்வொன்றுக்கும் தனி விலை, பல நேரம் சாப்பாட்டைவிடக் கூடுதல். வஞ்சிரம் ஒரு துண்டு என்ன விலை என்று முதலிலேயே கேட்டுவிடுவதில் கூச்சம் வேண்டாம், உள்ளூர்க்காரர்களும் கேட்கத்தான் செய்கிறார்கள். சாப்பாடு, கூட ஒரு கலக்கியோ ஆம்லெட்டோ என்று நிறுத்தினால் நான்கு வகைக் குழம்போடு வயிறு நிறையும்.

பிரியாணிக் கடையில் தம் உடைக்கும் நேரத்தைக் கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும். முதல் தேக்சா (பிரியாணி அண்டா) பெரும்பாலும் பதினொன்றரை, பன்னிரண்டுக்குத் திறக்கும். மூன்று மணிக்குக் கிடைப்பது அடியில் நொறுங்கிய சோறு, ஓரத்தில் காய்ந்த கறி. சிக்கனமாகச் சாப்பிட நினைப்பவருக்குக் குஸ்கா இருக்கிறது. அதே தேக்சாவின் சோறு, அதே மசாலா, துண்டு மட்டும் கிடையாது. ஆம்பூரில் பிரியாணியோடு வரும் கத்தரிக்காய் குஸ்காவுக்கும் உண்டு.

பரோட்டாக் கல்லின் முன்னால்

இரவில் தமிழ்நாடு முழுக்க மலிவான சாப்பாடு என்றால் பரோட்டாதான், அதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஒரு கிலோ மைதாவுக்கு அரை லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாகத் தண்ணீர், உப்பு, சிறிது சர்க்கரை, எண்ணெய். சில கடைகளில் முட்டையும் சேர்ப்பார்கள். பத்துப் பதினைந்து நிமிடம் அடித்துப் பிசைந்து, ஈரத்துணி போர்த்தி ஒரு மணி நேரமாவது விட வேண்டும். பிறகு 80 கிராம் அளவில் உருட்டினால் இருபது உருண்டை வரும், அவை எண்ணெயில் இன்னும் அரைமணி ஊற வேண்டும். இந்த ஊறல்தான் பரோட்டாவின் உயிர். பிசைந்தவுடன் மாவின் பசைத்தன்மை இறுக்கமாக இருக்கும், விட்டுவைத்தால் தளரும். தளர்ந்த மாவை வீசினால் கண்ணாடித் தாள்போல விரியும். அவசரத்தில் ஊறவிடாத மாவு வீசும்போது கிழியும், கிழியாவிட்டால் சுருங்கிக்கொள்ளும். அந்தப் பரோட்டாவின் நடுவில் வேகாத தடிமன் ஒன்று இருக்கும், வயிற்றைப் பிசைவது அதுதான்.

கல் அளவுக்கு மீறிக் காய்ந்திருந்தால் வெளியே சிவந்து உள்ளே பச்சையாக நிற்கும். மாஸ்டர் நாலைந்து பரோட்டாவைக் கல்லிலிருந்து எடுத்து அடுக்கி, இரண்டு கையாலும் பக்கவாட்டில் அடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. சூட்டோடு அடித்தால் உள்ளே இருக்கும் ஆவி அடுக்குகளைப் பிரித்துவிடும். ஆறிய பரோட்டாவை எவ்வளவு அடித்தாலும் பிரியாது, உடையும். எனவே கூட்டம் இருக்கும் ஏழரை முதல் ஒன்பதரைக்குள் போவது நல்லது. பத்தரைக்கு மேல் போனால் அடுக்கிவைத்திருப்பதைச் சூடுகாட்டித் தருவார்கள், தோல்போல இழுக்கும். அந்த நேரத்துக்குச் சரியானது கொத்துப் பரோட்டா. கொத்துக்கு ஆறிய பரோட்டாவே வேண்டும், சூடானதைக் கொத்தினால் களியாகிவிடும். பழையதைத் தள்ளிவிடுகிறார்கள் என்று கோபப்பட இதில் ஒன்றுமில்லை, அதன் செய்முறையே அப்படி.

சால்னா திரும்பத் திரும்பக் கேட்கலாம், அதற்குத் தனிக்காசு கிடையாது. எம்டி சால்னா என்றால் துண்டு இல்லாத சால்னா. சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டும்: துண்டு இல்லை என்பதால் அது சைவம் ஆகிவிடாது, எலும்புச் சாறு பல கடைகளில் அதில் சேர்ந்திருக்கும்.

சென்னையில் பரோட்டாவுக்கு வெளியேயும் இரவு நேரத்து மலிவுச் சாப்பாடு உண்டு. பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ, பர்மா பஜார் பக்கம் தள்ளுவண்டிகளில் கிடைக்கிறது. நூடுல்ஸ், கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர் சேர்த்துக் கையாலேயே பிசைந்து தருவார்கள். அங்கிருந்து சௌகார்பேட்டைக்குள் நடந்தால் முறுக்கு சாண்ட்விச்.

பில்லைப் படிப்பது

சாதாரண உணவகத்தில் ஜிஎஸ்டி 5 சதவீதம், ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும். 2017 நவம்பர் முதல் இதுதான் நிலை. ஆண்டு விற்பனை 20 லட்சத்துக்குள் இருக்கும் சின்னக் கடை பதிவு செய்ய வேண்டியதில்லை, வரி வாங்கவும் கூடாது. விற்பனையில் சிறு சதவீதத்தை மட்டும் தன் கையிலிருந்து வரியாகக் கட்டும் காம்போசிஷன் முறையில் இருக்கும் கடையும் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வசூலிக்க முடியாது. பில்லில் ஜிஎஸ்டி எண் இல்லாமல் வரி மட்டும் போட்டிருந்தால் கேளுங்கள்.

சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வெளியிட்டது. அதை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதிசெய்தது. எடுக்கச் சொல்லலாம். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

தண்ணீர் பாட்டில் விஷயத்தில் குழப்பம் அதிகம். மேசையில் உட்காரவைத்துப் பரிமாறும் உணவகம் எம்ஆர்பிக்கு, அதாவது பாட்டிலில் அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு, மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் மோட்டல் வாசலில் இருக்கும் பெட்டிக்கடைக்கு இது பொருந்தாது. அங்கே தண்ணீர், பிஸ்கட், சிப்ஸ் எதையும் அச்சிட்ட விலைக்கு மேல் விற்கக் கூடாது.

ரயிலில் நிலைமை கொஞ்சம் தெளிவு. ரயில்வே விற்கும் 'ரயில் நீர்' தண்ணீர் பாட்டில் ஒரு லிட்டர் 2025 செப்டம்பர் முதல் 14 ரூபாய். பொதுப்பெட்டிகள் நிற்கும் இடத்துக்கு அருகே பல நிலையங்களில் 20 ரூபாய்க்கு ஏழு பூரி, உருளைக்கிழங்கு, ஊறுகாய் கொண்ட பொட்டலம் விற்கிறார்கள். பில் தராவிட்டால் சாப்பாடு இலவசம் என்பது ரயில்வேயின் அறிவிப்பு. பில் கேட்டாலே விலை சரியாகிவிடும் இடங்கள் பல.

வயிற்றைக் கெடுப்பது எது

சாலையோரக் கடை என்றாலே அசுத்தம் என்பது சரியான பயம் அல்ல. கண் முன்னால் கொதித்து, கண் முன்னால் தீர்கிற உணவில் ஆபத்து குறைவு. செய்து நேரமான உணவில்தான் ஆபத்து. அறுபது டிகிரிக்கு மேல் சூடாகவோ, ஐந்து டிகிரிக்குக் கீழ் குளிராகவோ இல்லாமல் இடைப்பட்ட வெதுவெதுப்பில் மணிக்கணக்கில் இருக்கும் எதிலும் கிருமி பெருகும்.

சோறு இதில் முக்கியமானது. அரிசியில் இருக்கும் பேசிலஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. சோறு அண்டாவில் ஆறிக்கிடக்கும்போது அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். வாந்தியை வரவழைக்கும் அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. மதியம் மிஞ்சிய சோற்றை இரவு ஃபிரைட் ரைஸாக்கும் கடையில் எவ்வளவு தீ எரிந்தாலும் பயன் இல்லாமல் போவது இதனால்தான். சோற்றைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்து எடுக்கும் கடை என்றால் பிரச்சினை குறைவு.

அடுத்தது தேங்காய்ச் சட்னி. காலையில் அரைத்தது வெயில் காலத்தில் மதியத்துக்குள் நொதிக்கத் தொடங்கிவிடும். லேசான புளிப்பும் நுரையும் தெரிந்தால் தொடாதீர்கள், சாம்பாரோடு முடித்துக்கொள்ளுங்கள். பச்சை முட்டையில் அடித்த மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்ததும் இதே காரணத்துக்காகத்தான். வேகாத முட்டை, வெளியே வைத்த கிண்ணம், வெயில் மூன்றும் சேர்ந்தால் சால்மோனெல்லா என்ற கிருமி பெருகுவதற்கு வேறொன்றும் வேண்டாம். மோரும் எலுமிச்சைச் சாறும் எந்தத் தண்ணீரில் கலந்தது என்று தெரியாவிட்டால் தவிர்ப்பது நல்லது. அதே கடையில் டீ குடிக்கலாம், அது கொதித்தது.

வடை, பஜ்ஜி வாங்கும்போது சட்டியைப் பாருங்கள். மாவு போட்டதும் எழும் குமிழ் அடங்காமல் நுரையாகத் தங்கி நின்றால், அடுப்பு மிதமாக எரியும்போதே புகை வந்தால், அந்த எண்ணெய் பல முறை காய்ந்தது. செய்தித்தாளில் மடித்துத் தந்தால் இலையில் தரச் சொல்லிக் கேளுங்கள். அச்சு மை எண்ணெயில் கரைந்து உணவில் ஏறும், சட்டமும் அதை அனுமதிப்பதில்லை.

வீட்டுப் பக்கத்தில்

உள்ளூரில் நாமே அந்தத் திரும்பி வரும் ஆள். செயலியில் ஆர்டர் செய்யும்போது அந்த இடம் நம்மைவிட்டுப் போய்விடுகிறது. செயலிக்குக் கமிஷன் கொடுக்க வேண்டியிருப்பதால் பல கடைகள் அங்கே விலையைக் கூட்டி வைத்திருக்கின்றன. 2022 ஜனவரி முதல் உணவக விற்பனைக்கான 5 சதவீத வரியைச் செயலி நிறுவனமே வசூலித்துச் செலுத்த வேண்டும் என்பது விதி. பதிவு செய்யத் தேவையில்லாத சின்னக் கடையின் சாப்பாட்டுக்கும் இது பொருந்தும். கடையில் நேரில் வாங்கினால் இல்லாத வரி, செயலியில் வாங்கினால் வரும். போதாக்குறைக்கு டெலிவரிக் கட்டணம், பேக்கிங் கட்டணம். கடைக்குப் போன் செய்து சொல்லிவிட்டு, இருபது நிமிடம் கழித்து நடந்துபோய் வாங்கினால் இவை எல்லாம் மிச்சம்.

பார்சல் சாப்பாட்டில் சோறு தாராளமாக வைப்பது நம்மூர் வழக்கம். கொஞ்சமாகச் சாப்பிடும் இருவருக்கு ஒரு பார்சல் போதும், கூடவே ஒரு பொரியல் தனியாக வாங்கிக்கொள்ளலாம். சாம்பார், ரசத்தைக் கொதிக்கக் கொதிக்கப் பிளாஸ்டிக் கவரில் வாங்காமல் தூக்கு கொண்டுபோவது நல்லது. சூடும் நிற்கும், பக்கத்து வீட்டுப் பையனைப்போலப் பழகிய கடைக்காரர் ஒரு கரண்டி சேர்த்தும் ஊற்றுவார். நாள்தோறும் மெஸ்ஸில் சாப்பிடுகிறவர்கள் மாத டோக்கன் உண்டா என்று கேட்க வேண்டும். இருந்தால், வராத நாளுக்குக் கழிவு உண்டா, ஞாயிறு இரவு அடுப்பு எரியுமா என்ற இரண்டையும் பணம் கட்டும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு கிளம்புவதாக இருந்தால் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி காலையில் கட்டினால் இரவு வரை தாங்கும். இட்லி முழுக்க ஆறியபின் தடவ வேண்டும், சூட்டோடு மூடினால் வியர்த்து நூல்விடும். புளியோதரை தாங்குவது புளியின் அமிலத்தாலும் எண்ணெயாலும். தேங்காய் சேர்ந்த எதையும் கட்டாதீர்கள். தயிர் சாதத்துக்குக் காய்ச்சி ஆறிய பாலை ஊற்றிப் பிசைந்து, உறைக்கு ஒரே ஒரு ஸ்பூன் தயிர் விட்டால் போதும். காலை ஆறு மணிக்குக் கட்டினால் மதியம் ஒரு மணிக்குப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது புளிக்காமல் பதமாக உறைந்திருக்கும்.